ஊமத்தைக்கு மறதி மாத்திரை!

கே: ஊமத்தங்காயைத் தின்று புத்தி தடுமாறியவருக்கு மறதி நோய் மாத்திரையைக் கொடுத்துப் பார்க்கிறார்களாமே? தன் பேரையே மறந்து கிடப்பவனுக்கு இன்னும் மறக்க என்ன இருக்கிறது?
– கொய்யாத் தோட்டக்காரர், ஆயக்குடி

தலைவலி மாத்திரை தின்றால் தலைவலி வரும் என்று நினைக்கிற கட்சியா நீங்கள்? மறதி மாத்திரை மறதியை மட்டுப்படுத்தத்தான். பேர் ரிவாஸ்டிக்மின். ஜெருசலேமில் உள்ள எபிரேயப் பல்கலைக்கழகத்தில் மார்த்தா வைன்ஸ்டாக் என்ற அம்மையார் உருவாக்கியது. 1997-இல் சுவிட்சர்லாந்திலும் 2000-இல் அமெரிக்காவிலும் அல்சைமர் நோய்க்கு அனுமதி பெற்றது. டாக்டர் சீட்டு இருந்தால் நம் பக்கத்து மருந்துக்கடையிலும் கிடைக்கும்.

அதே மருந்து, ஊமத்தை மாதிரியான நஞ்சுகளால் வரும் பிதற்றலையும் தெளிய வைக்குமா என்று ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் நச்சு மருத்துவர்கள் சில ஆண்டுகளாகக் கொடுத்துப் பார்த்துக் குறிப்பு எழுதி வருகிறார்கள். தெளிந்தவர்கள் உண்டு. ஆனால் ‘தெளிந்தார்கள்’ என்பது வேறு, ‘மருந்தால்தான் தெளிந்தார்கள்’ என்பது வேறு. இந்த வாரம் பாதிக் கேள்விகள் இந்த இடத்தில்தான் வந்து முட்டுகின்றன.

கே: அந்த மருந்து உள்ளே போய் என்னதான் செய்கிறது? பாடம் நடத்தாமல் சொல்லவும்.
– தனியார் பஸ் கண்டக்டர், பழனி

உங்கள் பஸ்ஸிலேயே ஏறிக்கொள்வோம். நினைவு, கவனம், சுயபுத்தி எல்லாம் ஒழுங்காக ஓட வேண்டுமானால் மூளையில் அசிட்டைல்கோலின் என்ற பயணி தன் சீட்டில் போய் உட்கார வேண்டும். ஊமத்தையில் இருக்கும் அட்ரோபினும் ஹயோசினும் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிற ஆசாமிகள். தாங்களும் வேலை செய்ய மாட்டார்கள், டிக்கெட் வாங்கியவனையும் உட்கார விட மாட்டார்கள். பயணி நின்றபடியே இறங்குகிறார், மூளை தடுமாறுகிறது.

சாதாரண நாளில் வேலை முடிந்த பயணியைச் சட்டென்று இறக்கிவிட ஒரு நொதி இருக்கிறது. அதுதான் அங்கே கண்டக்டர். ரிவாஸ்டிக்மின் அந்தக் கண்டக்டரின் கையைக் கட்டிப்போடுகிறது. யாரும் இறங்குவதில்லை, கூட்டம் சேருகிறது, நெருக்கடியில் துண்டு நழுவிக் கீழே விழுகிறது, உரியவர் உட்காருகிறார். மறதி நோயில் பயணிகளே குறைவு என்பதால், இருப்பவர்களை இறங்க விடாமல் நிறுத்திவைக்க இதே வித்தையைக் கையாள்கிறார்கள். நோய் இரண்டானாலும் மருந்து ஒன்றாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

கே: இரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் ஊரில் ஒருவர் இப்படிப் பிதற்றினார். பேய் என்று கோடாங்கியைக் கூப்பிட்டுவிட்டார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகி, பாலசமுத்திரம்

பேயாடுகிறவருக்கு வேர்த்துக் கொட்டும். ஊமத்தை ஏறியவருக்கு ஒரு பொட்டு வேர்வை வராது. அக்குள்கூட வறண்டு கிடக்கும். உடம்பு சுடும், முகம் சிவக்கும், நாக்கு ஒட்டிக்கொள்ளும், நாடி ஓடும், கண்ணின் பாவை அகலமாக விரிந்து வெளிச்சத்துக்கும் சுருங்காது. அடிவயிறு உப்பியிருக்கும், சிறுநீர் வராது.

பிதற்றலுக்கும் ஒரு தினுசு உண்டு. கத்திக் கலாட்டா செய்வதைவிட முணுமுணுப்புத்தான் அதிகம். காற்றில் நூல் பிடுங்குவார், படுக்கையில் எதையோ பொறுக்குவார், இல்லாத பீடியைப் பற்றவைத்து இல்லாத புகையை ஊதுவார், செத்துப்போன சித்தப்பாவுடன் கணக்கு வழக்குப் பேசுவார். ‘பேர் என்ன?’ என்று கேட்டால் ஒரு நொடி சரியாகச் சொல்லிவிட்டு மறுபடியும் நூல் பிடுங்கப் போய்விடுவார். ஒன்றிரண்டு நாள் இப்படியே ஓடும். கோடாங்கிக்குக் கைராசி இருப்பதாகத் தோன்றுவதும் அதனால்தான். மூன்றாம் நாள் உடுக்கை அடித்தாலும் அடிக்காவிட்டாலும் பெரும்பாலோர் தெளிந்துவிடுவார்கள். இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஒட்டன்சத்திரத்துக்காரருக்குப் பதில் சொல்லும்போது தேவைப்படும்.

கே: சிவனுக்கு ஊமத்தம்பூ சாத்துகிறோம். அவருக்கு ஒன்றும் ஆவதில்லையே?
– பெரியாவுடையார் கோயில் அடியார், பழனி

ஆலகாலத்தையே தொண்டையில் நிறுத்தியவர். சாத்துவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிரசாதமாகக் கேட்காதீர்கள்.

கே: ஊமத்தை நேற்று முளைத்த செடியா? இத்தனை காலம் மருந்து இல்லாமலா இருந்தது?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், நெய்க்காரப்பட்டி

இருந்தது ஐயா, நன்றாகவே இருந்தது. கதை கொஞ்சம் நீளம்.

மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய நைஜீரியாவின் காலபார் பகுதியில் ஒரு அவரை இனம் உண்டு. குற்றம் சாட்டப்பட்டவரை அந்தக் கொட்டையை விழுங்கச் சொல்வார்கள். வாந்தி எடுத்துப் பிழைத்தால் நிரபராதி, செத்தால் குற்றவாளி. அப்பீல் கிடையாது. ஸ்காட்லாந்தின் ராபர்ட் கிறிஸ்டிசன் என்ற பேராசிரியர் 1855-இல் அதைத் தானே தின்று பார்த்தார். நிலைமை மோசமாவதை உணர்ந்ததும், முகம் மழித்த சோப்புத் தண்ணீரைக் குடித்து வாந்தி எடுத்துத் தப்பினார். விஞ்ஞானம் வளர்ந்ததில் ஷேவிங் தண்ணீருக்கும் பங்கு உண்டு.

1863-இல் ஆர்கைல் ராபர்ட்சன் என்ற கண் மருத்துவர், அந்தக் கொட்டைச் சாறு விரிந்த பாவையைச் சுருக்குவதைக் காட்டினார். அட்ரோபின் விரிக்கும், இது சுருக்கும். மறுவருடமே பிராக் நகரில், சாராயம் என்று நினைத்து அட்ரோபின் கரைசலைக் குடித்துவிட்ட கைதிகளில் ஒருவருக்கு கிளைன்வாக்டர் என்ற டாக்டர் அந்தச் சாற்றைக் கொடுத்துத் தேற்றினார். அதாவது, நஞ்சுப் பிதற்றலுக்கு இந்த வகை மருந்தைக் கொடுப்பது 1864-லேயே தொடங்கிவிட்டது. சாற்றிலிருந்து பிரித்தெடுத்த சரக்குக்குப் பெயர் ஃபைசோஸ்டிக்மின். 1935-இல் அதைப் பரிசோதனைக்கூடத்திலேயே முழுசாக உருவாக்கியவர் பெர்சி ஜூலியன் என்ற கறுப்பின அமெரிக்க வேதியியலாளர், அடிமைகளாக இருந்தவர்களின் பேரன். நம் பள்ளிப் புத்தகங்களில் அவருக்கு ஒரு பக்கம் கொடுக்கலாம்.

2000-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, இப்படிப் பிதற்றிய 52 பேரின் குறிப்புகளைப் புரட்டியது. ஃபைசோஸ்டிக்மின் பெற்றவர்களில் 87 சதவீதத்தினருக்குப் பிதற்றல் தெளிந்தது. வழக்கமான தூக்க ஊசி பெற்றவர்களில் ஒருவருக்கும் தெளியவில்லை. சிலர் அடங்கினார்கள், அவ்வளவுதான்.

பிறகு ஏன் மாற்று தேடுகிறார்கள்? மூன்று சங்கடங்கள். ஒன்று, ஃபைசோஸ்டிக்மினின் வீரம் சுமார் ஒரு மணி நேரம்தான், ஊமத்தையின் ஆட்டமோ ஒரு நாளைத் தாண்டும். இரண்டு, 1980-இல் மனச்சோர்வு மாத்திரைகளை அளவுக்கு மீறி விழுங்கிய இருவருக்கு இந்த ஊசி போட்டபின் இதயம் நின்றதாக ஒரு கட்டுரை வந்தது. அந்த மாத்திரைகளே இதயத்தைக் கெடுக்கக் கூடியவை என்றாலும், பயம் டாக்டர்களைப் பிடித்துக்கொண்டது. மூன்று, சரக்குக்குத் தட்டுப்பாடு. அமெரிக்காவில் அதைத் தயாரித்து வந்த கம்பெனி 2023 பிப்ரவரியில் கதவைச் சாத்தியது. அதோடு இன்னும் பலருக்கு ரிவாஸ்டிக்மின் ஞாபகம் வந்தது. அதே வம்சம்தான். மூளைக்குள் போகும், பல மணி நேரம் நிற்கும், கடையில் கிடைக்கும்.

கே: மாமியாருக்கு மறதி நோய்க்காக முதுகில் பேட்ச் ஒட்டுகிறோம். அவசரம் என்றால் அதிலிருந்து ஒன்றை எடுத்து ஊமத்தை தின்றவருக்கு ஒட்டலாமா?
– மருமகள், சத்திரப்பட்டி

கூடவே கூடாது. ஒட்டிய பேட்ச் முழு வேகத்தில் வேலை செய்யச் சுமார் எட்டு மணி நேரம் ஆகும். அதற்குள் நீங்கள் அவரைப் பழனி ஆஸ்பத்திரிக்கு எட்டுமுறை கொண்டுபோய்த் திரும்பலாம். மாத்திரையானால் ஒரு மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும். ஆனால் ஊமத்தை குடலையும் முடக்கிவிடுவதால் விழுங்கியது வயிற்றிலேயே உட்கார்ந்திருக்கலாம், நூல் பிடுங்குகிறவர் மாத்திரையை விழுங்குவார் என்பதற்கும் உத்தரவாதமில்லை. இந்த மருந்தை ஊசியாக யாரும் விற்பதில்லை. மருத்துவர்கள் முதலில் மாத்திரை, கூடவே பேட்ச் என்று மாற்றி மாற்றி முயல்வது இதனால்தான். சோதனையில் விடை தேட வேண்டிய கேள்விகளில் இதுவும் ஒன்று.

நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். புதுப் பேட்ச் ஒட்டுமுன் பழையதை எடுத்துவிட்டீர்களா என்று மாமியார் முதுகைப் பாருங்கள். பழையதை எடுக்காமலே மேலே மேலே ஒட்டி, வாந்தியும் இதயத் துடிப்பு மந்தமும் வந்து, உயிரே போன சம்பவங்கள் வெளிநாடுகளில் பதிவாகியிருக்கின்றன. மருமகள் மேல் பழி வர வேறு காரணங்களே போதும்.

கே: அப்பாவுக்கு மறதி நோய் மாத்திரை ஓடுகிறது. சளிக்கு அவில் கொடுத்ததும் ராத்திரி முழுக்க உளறினார். நோய் முற்றிவிட்டதா?
– மகன், பழைய ஆயக்குடி

ஒரே ராத்திரியில் மறதி நோய் முற்றாது. அது வருஷக்கணக்கில் படியிறங்குவது. திடீரென்று வந்து, ஏறி இறங்கி, ராத்திரியில் பெருகுவது டெலிரியம். இரண்டையும் கலக்கக் கூடாது, ஆனால் மறதி நோய் உள்ளவருக்கு டெலிரியம் சுலபமாக வரும்.

அவில், பெனட்ரில் வகை சளி மருந்துகள், வயிற்று இழுப்புக்கான சில மாத்திரைகள், அமிட்ரிப்டிலின், நடுக்கத்துக்குக் கொடுக்கும் ட்ரைஹெக்ஸிஃபெனிடில் எல்லாம் ஊமத்தையின் அட்ரோபின் செய்யும் அதே வேலையைச் சின்ன அளவில் செய்பவை. அப்பாவின் ஒரு மாத்திரை கிழக்கே இழுக்கிறது, இன்னொன்று மேற்கே இழுக்கிறது. இரண்டுக்கும் காசு கொடுப்பவர் நீங்கள். எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு, ஒரே டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

கே: பூச்சிமருந்து குடித்தவரை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். ‘மருந்து ஏறிடுச்சு’ என்று கையைக் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். ஊமத்தை தின்றவர் மாதிரியே காற்றில் பொறுக்கினார். அவருக்கும் இந்த மாத்திரை உதவுமா?
– கரும்பு விவசாயி, கீரனூர்

இந்த வாரத்தின் முதல் பரிசு உங்களுக்கு. உங்கள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. அவர் பிதற்றியது பூச்சிமருந்தால் அல்ல, அதை முறிக்கக் கொடுத்த அட்ரோபினால். ஊமத்தையில் இருக்கும் அதே சரக்கு. நம் மாவட்டத்தில் இந்த வகைப் பிதற்றலை ஊமத்தையை விட ஆஸ்பத்திரி வார்டில்தான் அதிகம் பார்க்கலாம்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு கேளுங்கள். ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் வகைப் பூச்சிமருந்துகள் செய்வது என்ன? அந்தக் கண்டக்டர் நொதியின் கையைக் கட்டுவது. ரிவாஸ்டிக்மின் செய்வது என்ன? அதே நொதியின் கையைக் கட்டுவது. வேதியியல் ஜாதகப்படி ரிவாஸ்டிக்மினும் ஒரு கார்பமேட்தான், வாழைக்குப் போடுகிற கார்போஃபியூரானின் பங்காளி. அளவும் தன்மையும் வேறு என்பதால் ஒன்று மருந்தாகவும் ஒன்று நஞ்சாகவும் இருக்கிறது. ஏற்கெனவே நொதி முடங்கிக் கிடப்பவருக்கு, பிதற்றுகிறாரே என்று ரிவாஸ்டிக்மினைக் கொடுத்தால் எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றியதாகிவிடும்.

வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பேரும் ஒரே நூலைத்தான் பிடுங்குகிறார்கள். ஒருவருக்கு இந்த மாத்திரை கைகொடுக்கலாம், மற்றவருக்கு அதுவே எமன். என்ன நஞ்சு என்று தெரியாமல் முறிமருந்தைப் பற்றிப் பேசக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

பூச்சிமருந்து நோயாளிக்கு அட்ரோபின் அதிகமாகிவிட்டால் அதைக் கொஞ்ச நேரம் நிறுத்தி, அமைதியான பின் குறைந்த வேகத்தில் தொடங்குவதே வழி. அதிகமாகாமல் ஏற்றுவதும் ஒரு கலை. வங்கதேசத்தின் சிட்டகாங்கில் 156 பேரை வைத்து 2012-இல் வெளியிட்ட சோதனை இது: பழையபடி திரும்பத் திரும்ப ஊசி போட்டவர்களில் 22.5 சதவீதம் பேர் இறந்தார்கள். வேகமாக அளவை இரட்டித்து, நெஞ்சு தெளிந்ததும் சொட்டுச் சொட்டாக இறக்கியவர்களில் 8 சதவீதம். அட்ரோபின் மிகையானவர்கள் 28.4-லிருந்து 12 சதவீதமாகக் குறைந்தார்கள். புது மருந்து ஒன்றுமில்லை, பழைய மருந்தைக் கொடுக்கும் முறையை மாற்றினார்கள்.

இன்னொன்று. அந்தக் கட்டிலில் கிடந்தவர் வீட்டுக்குத் திரும்பியிருந்தால் அவரோடு பேசிக்கொண்டிருங்கள். மனசு தாங்காத வேளையில் பேச 104-ஐ அழைக்கலாம் என்பதையும் சொல்லிவையுங்கள்.

கே: கொடுத்தோம், தெளிந்தார், முடிந்தது. இதில் சோதனை என்ன சோதனை?
– மருந்துக்கடைக்காரர், ஒட்டன்சத்திரம்

கோடாங்கியும் இதைத்தான் சொல்கிறார். உடுக்கை அடித்தார், மூன்றாம் நாள் தெளிந்தது, முடிந்தது.

தானாகவே தெளியக்கூடிய நோய்க்கு மருந்து கொடுத்துப் பேர் வாங்குவது சுலபம். அதனால் சீட்டுக் குலுக்கிப் போட்டு, பாதிப் பேருக்கு ரிவாஸ்டிக்மின், பாதிப் பேருக்கு வெறும் பேட்ச் அல்லது வழக்கமான தூக்க மருந்து என்று பிரித்து, எது யாருக்கு என்று கவனிக்கிற டாக்டருக்கே தெரியாமல் வைத்து, எத்தனை மணி நேரத்தில் ‘இது பழனி, இன்று செவ்வாய்க்கிழமை’ என்று சொல்கிறார்கள், எத்தனை பேரைக் கட்ட வேண்டியிருந்தது, எத்தனை பேருக்குச் சுவாசக் கருவி தேவைப்பட்டது என்று எண்ண வேண்டும். ஃபைசோஸ்டிக்மினுக்கு இப்படி ஒரு சோதனை 2021-இல்தான் வந்தது. அமெரிக்காவில் 19 இளவயதினர், அவ்வளவுதான். கண்டுபிடித்து ஒன்றரை நூற்றாண்டு கழித்து பத்தொன்பது பேர்! இந்த நோயாளிகள் நேரத்துக்கு ஒருவராக, ஊருக்கு ஒருவராக வருகிறார்கள். கூட்டம் சேர்ப்பது கஷ்டம்.

‘தர்க்கம் சரியாகத்தானே இருக்கிறது, சோதனை எதற்கு’ என்று கேட்பவர்களுக்கு நெதர்லாந்துக் கதை. தீவிர சிகிச்சைப் பிரிவில் கடும் நோயால் பிதற்றுகிறவர்களுக்கும் அசிட்டைல்கோலின் குறைவுதான் காரணம் என்று அறிஞர்கள் கணக்குப் போட்டார்கள். அழகான கணக்கு. இதே ரிவாஸ்டிக்மினை 440 பேரிடம் பார்க்கத் திட்டமிட்டார்கள். 104 பேரைத் தாண்டுமுன்பே நிறுத்த வேண்டியதாயிற்று. மருந்து பெற்ற 54 பேரில் 12 பேரும், பெறாத 50 பேரில் 4 பேரும் இறந்திருந்தார்கள். மருந்து பெற்றவர்களின் பிதற்றலும் குறையவில்லை, நீண்டது. 2010-இல் லான்செட் இதழ் வெளியிட்டது. எண்ணிக்கை சின்னது, தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் சோதித்துப் பார்க்காமலே எல்லா வார்டிலும் வழக்கமாக்கியிருந்தால்? யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். ‘நோய் முற்றிவிட்டது’ என்று எழுதி அனுப்பியிருப்பார்கள்.

கே: பிதற்றுகிறவரிடம் ஆராய்ச்சிக்குச் சம்மதம் எப்படி வாங்குவது? அவர் போட்ட கையெழுத்து கோர்ட்டில் நிற்குமா?
– வக்கீல் குமாஸ்தா, பழனி

அவர் போட்டால் நிற்காது. சட்டப்படி அவருக்காக முடிவெடுக்கும் உரிமையுள்ள உறவினர் போட வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் அதோடு விடுவதில்லை. நோயாளி தெளிந்ததும் அவரிடமே விளக்கிச் சொல்லி மறுபடியும் கேட்க வேண்டும், வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். நல்ல விதி. நம் கல்யாணங்களுக்கும் வைக்கலாம்.

கே: நஞ்சு மருந்துச் சோதனை எல்லாம் வெளிநாட்டில்தானா? நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்?
– கல்லூரி மாணவி, திண்டுக்கல்

நாம்தான் முன்னோடி, தெரியாதா? பூச்சிமருந்து நஞ்சுக்கு உலகமே கொடுத்துவந்த பிராலிடாக்சிம் உண்மையில் உதவுகிறதா என்று 1990-களிலேயே வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் குலுக்கிப் பிரித்துப் பார்த்தார்கள். பெரிய பலன் தெரியவில்லை, அளவைக் கூட்டியபோது நிலைமை மோசமானது. 2006-இல் மகாராஷ்டிரத்தின் பாராமதியிலிருந்து 200 பேரை வைத்து ‘தொடர்ந்து அதிக அளவில் கொடுத்தால் பலன் உண்டு’ என்று பதில் வந்தது. 2009-இல் இலங்கையில் 235 பேரை வைத்துப் பார்த்து ‘இல்லை’ என்றார்கள். பட்டிமன்றம் இன்னும் முடியவில்லை.

அனுராதபுரத்திலும் பேராதனையிலும் வேர்விட்ட அந்த இலங்கை ஆய்வுக் குழுதான், நஞ்சு குடித்தவருக்குக் கரித்தூள் கொடுப்பதை 4,632 பேரிடம் சோதித்து 2008-இல் முடிவு சொன்னது. பெரிய பணக்கார நாடுகளால் திரட்ட முடியாத எண்ணிக்கை. நோயாளிகள் நம்மிடம்தான் இருக்கிறார்கள், பெருமைப்பட முடியாத பெருமை. உங்கள் ஊரிலேயே 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாகிவிட்டது. ஊமத்தைக்குக் குலுக்கிப் பார்க்க மதுரையும் திண்டுக்கல்லும் கைகோத்தால் போதும் என்பது என் பேராசை.

கே: பழைய மருந்துக்குப் புது வேலை கொடுத்தால் கம்பெனிக்காரனுக்கு லாபம்தானே? ஏன் யாரும் முன்வருவதில்லை?
– கமிஷன் மண்டிக்காரர், ஒட்டன்சத்திரம்

காப்புரிமை காலாவதியான மருந்து அது. நாலு கம்பெனி தயாரிக்கிறது. ஒருவர் செலவழித்து நிரூபித்தால் மற்ற மூவரும் விற்பார்கள். உங்கள் மண்டியில் அடுத்தவன் தக்காளிக்கு நீங்கள் லாரி வாடகை கொடுப்பீர்களா? எனவே அரசோ கல்லூரியோதான் செய்ய வேண்டும். அதற்கு வழியும் இருக்கிறது. அனுமதி பெற்ற மருந்தைப் புது நோய்க்கு, விற்பனை நோக்கமின்றிக் கல்விக்காகச் சோதிக்க, நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடு செய்யலாம் என்று 2019-ஆம் ஆண்டின் மருந்துச் சோதனை விதிகள் இடம் தருகின்றன. இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிந்துவிட வேண்டும். பிடிக்காத முடிவு வந்தால் மறைத்துவிடாமல் இருக்கத்தான் அந்தப் பதிவு.

கே: இதிலிருந்து தேர்வில் கேள்வி வருமா?
– குரூப் 4 மாணவர், மரத்தடி, ஆயக்குடி

நரம்புகள் ரசாயனம் மூலம் பேசுகின்றன என்று 1921-இல் தவளை இதயத்தை வைத்துக் காட்டியவர் ஓட்டோ லோவி. 1936-இல் ஹென்றி டேலுடன் நோபல். அந்த ரசாயனம் அசிட்டைல்கோலின். சோதனை யோசனை லோவிக்குத் தூக்கத்தில் வந்தது. நீங்கள் தூங்காமல் படியுங்கள்.

கே: ரயிலில் மயக்க பிஸ்கட் கொடுத்துக் கொள்ளையடிக்கிறார்களே, அது ஊமத்தையா?
– அடிக்கடி சென்னை போகிறவர், வத்தலக்குண்டு

அந்தக் காலத்தில் ஊமத்தைதான். 1563-இல் கோவாவில் புத்தகம் அச்சிட்ட கார்சியா தா ஓர்த்தாவே திருடர்களின் ஊமத்தையைப் பற்றி எழுதிவிட்டார். இப்போது பெரும்பாலும் தூக்க மாத்திரைப் பொடி. அதற்கு ரிவாஸ்டிக்மின் முறிமருந்தல்ல, முறிமருந்தே வேறு. தெரியாதவர் நீட்டும் பிஸ்கட்டுக்கு ‘எனக்குச் சர்க்கரை’ என்பது எல்லா நஞ்சுக்கும் பொதுவான மருந்து.

கே: வீட்டில் குழந்தை ஊமத்தங்காயைக் கடித்துவிட்டால் முதலில் என்ன செய்வது?
– இளம் தாய், புதிய ஆயக்குடி

108. அதற்கு முன்னால் வேறெதுவும் இல்லை. வாயில் மிச்சம் இருந்தால் துடைத்து எடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புத் தண்ணீர், புளித்தண்ணீர், தலையில் எலுமிச்சை எதுவும் வேண்டாம். கடித்த காயையும் செடியின் ஒரு கிளையையும் பையில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள். டாக்டர் அரை மணி நேரம் யோசிப்பது மிச்சமாகும். வீட்டில் யாருடைய மாத்திரையையாவது விழுங்கியிருக்கக்கூடும் என்றால் அந்த அட்டையையும். டெல்லி எய்ம்ஸில் உள்ள தேசிய நச்சுத் தகவல் மையத்தின் 1800 116 117 எண்ணையும் செல்போனில் ஏற்றிவையுங்கள், இலவசம்தான். சின்னக் குழந்தைக்கும் வயதானவருக்கும் காய்ச்சல் ஏறுவதுதான் பெரிய ஆபத்து, எனவே ‘தூங்கினால் சரியாகிவிடும்’ என்று சொல்லும் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவையும் வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள், வழியில் வாதாடலாம்.

கே: ஆஸ்திரேலியாவில் கீரை தின்று ஊரே பிதற்றியது என்று படித்தேன். கீரையில் ஊமத்தை எப்படி வந்தது? நம் சந்தையிலும் வருமா?
– கீரைக்காரம்மாவின் வாடிக்கையாளர், ஆயக்குடி

2022 டிசம்பரில் நடந்தது. பாக்கெட்டில் அடைத்து விற்ற பசலை இளங்கீரையோடு வயலில் களையாக முளைத்திருந்த ஊமத்தை இனமும் சேர்ந்து அறுவடையாகிவிட்டது. பல மாநிலங்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் பாவை விரிந்து, வாய் வறண்டு, இல்லாததைப் பார்த்தார்கள். அங்கே இளங்கீரையை மெஷின் அறுக்கிறது, மெஷின் கழுவுகிறது, மெஷின் பாக்கெட் போடுகிறது. தின்பவர்தான் முதன்முதலாகக் கையில் எடுக்கும் மனிதர்.

நம் ஊரில் பறிப்பவர், கட்டுபவர், விற்பவர், ஆய்பவர் என்று நாலு ஜோடிக் கண்கள் தாண்டித்தான் கீரை சட்டிக்கு வருகிறது. இலையின் ஓரம் ஒழுங்கில்லாமல் பல்லுப்பல்லாக இருந்து, கசக்கினால் குமட்டும் வாடை வந்தால் எடுத்துப் போடுங்கள். ஆனால் இப்போது ஒட்டன்சத்திரத்திலும் ‘ஆய்ந்து கழுவிய கீரை’ பாக்கெட் வரத் தொடங்கிவிட்டது என்று கேள்விப்பட்டேன். வாங்கினாலும் ஒரு தடவை முறத்தில் கொட்டிப் பாருங்கள். வீட்டில் கீரை ஆய்கிற வேலை இவ்வளவு நாளும் யார் தலையிலாவது விழுந்திருந்தால், அடுத்த கட்டை நீங்கள் ஆயுங்கள்.